தாது வருடப் பஞ்சம்: நெல் வியாபாரத்தில் அரசு கை வைக்கலாமா?

#1 கரிசல்மண் (சாத்தூர்)

எங்கள் வீட்டில் யாராவது தட்டில் சோற்றை மிச்சம் வைத்தால் பாட்டி, “தாது வருடத்தில் பிறந்திருந்தால் தெரிந்திருக்கும்” என்பார். அவரே அந்தப் பஞ்சத்துக்கு ஐம்பது ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர். தன் பாட்டி சொன்னதைத்தான் சொன்னார். இத்தனை தலைமுறை கடந்தும் ஒரு பஞ்சத்தின் பெயர் சமையலறையில் புழங்குகிறதே என்று அதைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். ஆறு மாதமாகிறது. மழை பொய்த்த கதையைவிட, அன்றைய தலைநகரான கல்கத்தாவிலிருந்து வந்த உத்தரவுகளின் கதைதான் என்னைத் தூங்கவிடவில்லை.

1876ஆம் ஆண்டு, அதாவது தாது வருடத்தில், சென்னை மாகாணத்தில் மழை ஏமாற்றிவிட்டது. அப்போது ஆளுநராக இருந்தவர் பக்கிங்ஹாம் கோமகன். விலை ஏறுவதைப் பார்த்த அவருடைய அரசு, ஆண்டு முடிவதற்குள் அர்பத்நாட் என்ற வணிக நிறுவனத்தின் மூலம் 30,000 டன் தானியத்தை ஓசைப்படாமல் வாங்கியது. வைஸ்ராய் லிட்டன் பிரபுவின் அரசு அதைக் கண்டித்தது. அரசே சந்தையில் இறங்கினால் தனி வியாபாரி பயந்து ஒதுங்கிவிடுவான், தானியம் வருவது நின்றுபோகும் என்பது அவர்கள் வாதம். விலை உயர உயரத்தான் தானியம் பற்றாக்குறை உள்ள ஊரைத் தேடி வரும். ஆகவே விலையைக் குறைக்க அரசு எதுவும் செய்யக்கூடாது. இதை வேதம்போல நம்பினார்கள்.

ரயில் இருந்தது. தானியமும் வந்தது. ஆனால் வந்த தானியத்தை வாங்கக் கூலிக்காரன் கையில் காசு இல்லை. விளைச்சல் இல்லாத ஊரில் உழவு வேலை இல்லை, வேலை இல்லாதவனுக்குக் கூலி இல்லை. 1877 ஜனவரி 1ஆம் தேதி டெல்லியில் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவித்துப் பெரும் விருந்து நடந்தது. அதே மாதம் லிட்டன் தன் பிரதிநிதியாக சர் ரிச்சர்ட் டெம்பிளைச் சென்னைக்கு அனுப்பினார். அவர் நிவாரணப் பணிகளில் கல் உடைத்து, மண் சுமக்கிற ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று நிர்ணயித்தார். ஒரு பவுண்டு என்றால் 450 கிராம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அதைவிடக் குறைவு. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் கார்னிஷ், இந்த அளவில் உழைக்கிற உடம்பு கரைந்துபோகும் என்று விடாமல் எழுதிப் போராடினார். சில மாதங்களுக்குப் பிறகுதான் அளவை ஓரளவு உயர்த்தி, கொஞ்சம் பருப்பும் சேர்த்தார்கள்.

அதே 1877இல் இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்கு 3 லட்சம் டன்னுக்கும் மேல் கோதுமை கப்பலேறியது. அதற்கும் தடை இல்லை. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கும் அதிகமானோர் இறந்திருப்பார்கள் என்பது பொதுவாக ஏற்கப்படும் மதிப்பீடு. சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 1871 கணக்கெடுப்பைவிட 1881இல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

சந்தையைத் தன் போக்கில் விடு என்கிறவர்களிடம் நான் கேட்க விரும்புவது இதுதான்: பக்கிங்ஹாம் வாங்கியது தவறா, லிட்டன் தடுத்தது தவறா?

#2 சந்தைப்பேட்டை (மதுரை)

கரிசல்மண் ஐயா, நல்ல உழைப்பு. வணக்கம் சொல்லிவிட்டே மறுக்கிறேன். என் தாத்தா காலத்திலிருந்து எங்கள் குடும்பம் தானிய மண்டி நடத்துகிறது. பஞ்சம் என்றதும் ‘வியாபாரி பதுக்கினான்’ என்று முடித்துவிடுகிற பேச்சைச் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன். அறுவடை மாதத்தில் வாங்கி ஆடி மாதம் வரை வைத்து விற்கவில்லை என்றால் ஆடியில் ஊர் எதைச் சாப்பிடும்? அந்த வேலைக்குப் பெயர் பதுக்கல் என்றால் ஒவ்வொரு குதிரும் பதுக்கல்தான்.

நீங்கள் சொன்னதில் ஒன்று மட்டும் சரியில்லை. 1877இல் இருந்தது தடையற்ற சந்தையே அல்ல. உப்பை யார் கட்டுப்படுத்தினார்கள்? அரசு. அந்தப் பஞ்ச காலத்திலேயே சென்னை மாகாணத்தின் உப்பு வரியை உயர்த்தினார்கள். அபின் அரசின் ஏகபோகம். நிலவரியை ரொக்கமாகக் கட்டியாக வேண்டும். அதற்காகவே குடியானவன் அறுத்த கையோடு நெல்லை விற்றான், வீட்டில் சேமிப்பு இல்லாமல் போனது. வசூலிக்கும்போது இரும்புக் கையாக இருந்த அரசு, கொடுக்க வேண்டிய நேரத்தில் மட்டும் சந்தையின் பெயரைச் சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டது. பழியை லிட்டன்மேல் போடுங்கள், சந்தைமேல் போடாதீர்கள்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 1943 வங்காளம். சுமார் 30 லட்சம் பேர் இறந்தார்கள். அங்கே அரசு கையைக் கட்டிக்கொண்டா இருந்தது? ஜப்பானியர் வந்துவிடுவார்கள் என்று கடலோர மாவட்டங்களில் அரிசியை அப்புறப்படுத்தினார்கள். பத்துப் பேருக்கு மேல் ஏறக்கூடிய படகுகளைப் பறித்தார்கள். படகு இல்லாமல் வங்காளத்து ஆறுகளில் எந்த வியாபாரி நெல் கொண்டுபோவான்? மாகாணத்துக்கு மாகாணம் அரிசி போகத் தடை. விலைக்கட்டுப்பாடு போட்டார்கள், அரிசி கடையிலிருந்தே மறைந்தது. வாங்கியதையும் கல்கத்தா தொழிற்சாலைகளுக்குத்தான் முதலில் கொடுத்தார்கள். 1959 முதல் 1961 வரை சீனாவில் ஒரு வியாபாரிகூட இல்லை, விளைந்ததெல்லாம் அரசு கொள்முதல். செத்தவர்கள் கோடிக்கணக்கில். உலகத்தின் மிகப் பெரிய பஞ்சம் அரசின் கையிலிருந்தே வந்தது.

#3 கரிசல்மண் (சாத்தூர்)

உப்பு வரியை நான் எழுதாமல் விட்டது என் பிழை. ரொக்க நிலவரியும் அப்படித்தான். இரண்டையும் ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால் டெம்பிளைப் பற்றி நான் முழுவதும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் உங்கள் வாதம் நிற்குமா பாருங்கள்.

1873-74இல் பீகாரில் பயிர் பொய்த்தது. அங்கே நிவாரணத்தை நடத்தியவர் இதே ரிச்சர்ட் டெம்பிள். பர்மாவிலிருந்து சுமார் நான்கரை லட்சம் டன் அரிசியை அரசு செலவில் இறக்குமதி செய்தார். கூலி தாராளம், நிபந்தனைகள் குறைவு. பசியால் இறந்தவர்கள் மிகமிகக் குறைவு. பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்தியாவில் ஒரு பெரும் பற்றாக்குறை பஞ்சச் சாவாக மாறாமல் தடுக்கப்பட்டது என்று காட்ட இதைவிடத் தெளிவான நிகழ்ச்சி எனக்குத் தெரியாது. அதற்கு அவருக்குக் கிடைத்தது என்ன? ஊதாரி என்ற பெயர். அரிசி மிஞ்சிவிட்டது, பணம் வீணாகிவிட்டது, சோம்பேறிகளை வளர்த்துவிட்டார் என்று லண்டன் பத்திரிகைகள் வறுத்தெடுத்தன. அந்தப் பெயரைத் துடைக்கத்தான் மூன்று ஆண்டுகள் கழித்து அவர் ஒரு பவுண்டு தானியத்தோடு நம் ஊருக்கு வந்தார்.

ஆக, ஒரே மனிதர், ஒரே பேரரசு, மூன்றே ஆண்டு இடைவெளி. அரசு வாங்கியபோது உயிர் பிழைத்தார்கள், வாங்காதபோது செத்தார்கள். பீகாரில் அரசு அரிசி வந்ததால் தனி வியாபாரம் செத்துவிடவும் இல்லை. ‘வியாபாரி ஒதுங்கிவிடுவான்’ என்ற அச்சம் 1866 ஒரிசாப் பஞ்சத்திலும் அதிகாரிகளைக் கட்டிப்போட்டது. வியாபாரி கொண்டுவருவான் என்று காத்திருந்தார்கள். பருவமழை வந்து துறைமுகங்கள் அடைபட்டன. பிறகு அரசே விரும்பியும் அரிசியை இறக்க முடியவில்லை. சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள்.

வங்காளத்தைப் பற்றி: பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் கணக்குப் போட்டுக் காட்டினார். 1943இல் அங்கே கிடைத்த அரிசி முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிடச் சுமார் 5 சதவீதம்தான் குறைவு. பஞ்சமே இல்லாத 1941ஐவிட அதிகம். அரிசி இருந்தது; போர்க்காலச் செலவில் ஏறிய விலைக்கு ஈடுகொடுக்க மீனவர்களிடமும் விவசாயக் கூலிகளிடமும் பணம் இல்லை. சென்னையில் 1877இல் நடந்ததும் அதுதான்.

#4 புதுவரவு (சென்னை)

கல்லூரி மாணவன். குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அந்தப் பக்கிங்ஹாம் என்பவர்தான் பக்கிங்ஹாம் கால்வாயின் பெயரில் இருப்பவரா?

#5 கரிசல்மண் (சாத்தூர்)

அவரேதான் தம்பி. கால்வாய் அதற்கு முன்பே பகுதி பகுதியாக இருந்தது. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் துண்டு 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர். இன்று அதன் ஓரமாகப் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. கூலிக்கு மண் சுமந்தவர்கள் எந்தெந்த ஊர்களிலிருந்து நடந்து வந்தார்களோ, பெயர் எதுவும் அங்கே எழுதப்படவில்லை.

#6 குறுவை (மன்னார்குடிப் பக்கம்)

நான் வரலாறு அதிகம் படித்தவள் அல்ல. ஐந்து ஏக்கர் நஞ்சை, குறுவையும் சம்பாவும் நானே பார்க்கிறேன். அண்ணன்மார் எல்லோரும் விவசாயிக்காகப் பேசுகிறீர்கள். நெல்லை விற்கிற நாள் எப்படி இருக்கும் என்று நான் சொல்கிறேன்.

போன குறுவையில் அறுவடை இயந்திரத்துக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுத்து அறுத்தேன். நெல்லை டிராக்டரில் ஏற்றி அரசின் நேரடிக் கொள்முதல் நிலையம் ஒன்றின் வாசலில் கொட்டினேன். எனக்கு முன்னால் பதினொரு குவியல். முதல் நாள் சாக்கு வரவில்லை என்றார்கள். இரண்டாம் நாள், பிடித்த மூட்டைகளை ஏற்ற லாரி வரவில்லை, வைக்க இடமில்லை என்றார்கள். மூன்றாம் நாள் மழை. தார்ப்பாய் போட்டு மூடினோம், அடியில் தண்ணீர் ஓடியது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். என் நெல் 21 காட்டியது. மறுபடி சாலையில் கொட்டிக் காய வைத்தேன். மறுபடி மழை. ஒன்பது இரவு அங்கேயே படுத்தேன். ஆறாம் நாளே குவியலின் ஓரத்தில் முளை விட்டிருந்தது. முளைத்த நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்த வயிற்றெரிச்சல்.

பத்தாம் நாள் வெளியூர் வியாபாரி ஒருவர் வந்தார். ஈரம் பார்க்கவில்லை, சிட்டா, அடங்கல் என்று நிலப் பதிவு எதுவும் கேட்கவில்லை. கையில் பணம். பாதி நெல்லை அவருக்குக் கொடுத்துவிட்டேன். மத்திய அரசு அந்தப் பருவத்துக்குச் சொன்ன ஆதார விலை சாதாரண ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,300 ரூபாய், மாநில ஊக்கத்தொகை தனி. அந்த வியாபாரி கொடுத்ததோ வெகு குறைவு.

அரசு விலை காகிதத்தில் இருக்கிறது, கதவு திறக்கவில்லை. வியாபாரியின் கதவு எப்போதும் திறந்திருக்கிறது, விலை இல்லை. சந்தையா அரசா என்று நீங்கள் பேசுவது எனக்கு இப்படித்தான் கண்முன் தெரிகிறது.

#7 கணக்கன் (தஞ்சாவூர்)

அம்மா எழுதியதைப் படித்துச் சற்று நேரம் பதில் எழுத முடியவில்லை. உணவு தானியக் கிடங்குகளில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மறுக்க எதுவும் இல்லை. அந்த 17 சதவீதம் எதற்கு என்று மட்டும் சொல்கிறேன், நியாயப்படுத்த அல்ல. ஈர நெல்லை 40 கிலோ சிப்பமாகப் பிடித்து அடுக்கி வைத்தால் உள்ளே சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும், அரிசி பழுப்பேறும். அந்த அரிசி ஐந்து மாதம் கழித்து ரேஷன் கடையில் ஒருவர் பைக்குள் விழும். அதனால்தான் விதி. உலர்த்தும் இயந்திரமும் போதிய மேற்கூரையும் கட்டாமல் விதியை மட்டும் வைத்திருப்பதுதான் குற்றம். மழைக் காலத்தில் 22 சதவீதம் வரை தளர்த்தக் கேட்டு ஒவ்வோர் ஆண்டும் டெல்லிக்குக் கடிதம் போகிறது. மத்தியக் குழு வந்து பார்த்து அனுமதி வருவதற்குள் அறுவடை முடிந்துவிடுகிறது.

இப்போது வாதத்துக்கு வருகிறேன். இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரியில் தொடங்கப்பட்டபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் எங்கள் தஞ்சாவூரில்தான் திறக்கப்பட்டது. எதற்காக அந்தக் கழகம்? பக்கிங்ஹாம் ரகசியமாகச் செய்ததை வெளிப்படையாக, ஆண்டுதோறும் செய்வதற்காக. அறுவடையில் வாங்குவது, இருப்பு வைப்பது, விலை ஏறும்போது வெளியே விடுவது. லிட்டன் பயந்ததுபோல வியாபாரி ஓடிப்போனாரா? சந்தைப்பேட்டை ஐயாவின் மண்டி இன்னும் இருக்கிறதே. ஒரு குடும்பத்துக்கு மாதம் 20 கிலோ அரிசி ரேஷனில் கிடைத்துவிட்டால் அந்தக் குடும்பம் கடைக்கு வாங்கப் போவது குறைகிறது. கடை விலை தானாகத் தணிகிறது. ரேஷன் அரிசியைச் சாப்பிடாதவருக்கும் அதில் பங்கு உண்டு.

1997இல் ஏழைகளுக்கு மட்டும் என்று மத்திய அரசு ரேஷனைப் பிரித்தது. தமிழ்நாடு பிரிக்கவில்லை, எல்லோருக்கும் கொடுத்தது. ஏழை யார் என்று பட்டியல் போடுகிற வேலையில் இருந்தவர்களைக் கேளுங்கள். உண்மையான ஏழையின் பெயர்தான் முதலில் விடுபடும், அவருக்காக வந்து கேட்க ஆள் இருக்காது.

#8 சந்தைப்பேட்டை (மதுரை)

கணக்கன் ஐயா, என் மண்டி இருக்கிறது. என் அப்பா எத்தனை முறை உரிமத்துக்காகவும் இருப்புக் கணக்குக்காகவும் அலுவலக வாசலில் நின்றார் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருட்கள் சட்டப்படி அரசு எந்த நேரத்திலும் இருப்பு வரம்பை அறிவிக்கலாம். இன்று சட்டப்படி வைத்திருக்கிற சரக்கு நாளை காலை குற்றமாகிவிடும். அந்த அச்சம் இருக்கும்வரை எந்த வியாபாரி கோடிக்கணக்கில் போட்டு நவீனக் கிடங்கும் உலர்த்தும் இயந்திரமும் கட்டுவார்? குறுவை அம்மாவின் நெல் முளைத்ததற்குக் கொள்முதல் நிலையம் மட்டும் காரணமில்லை, அதற்குப் போட்டியாக இன்னொரு நல்ல கதவு திறக்காததும் காரணம்.

ராஜாஜியை மறந்துவிடாதீர்கள். 1952இல் சென்னை மாகாண முதலமைச்சரானதும் போர்க்காலத்திலிருந்து தொடர்ந்த உணவுக் கட்டுப்பாட்டை அவர் எடுத்தார். நேருவுக்குத் தயக்கம், அதிகாரிகளுக்குப் பயம். மத்திய உணவு அமைச்சர் கித்வாய் துணை நின்றார். பஞ்சம் வரும் என்றார்கள், வரவில்லை. நல்ல மழையும் சேர்ந்தது, மறைத்து வைத்திருந்த நெல்லும் வெளியே வந்தது. அந்த அனுபவத்திலிருந்து பேசியவர்தான் பின்னாளில் ‘லைசென்ஸ் பெர்மிட் ராஜ்’ என்று இந்த நாட்டின் நோய்க்குப் பெயர் வைத்தார். 1951ஆம் ஆண்டின் தொழில் சட்டப்படி எதை, எங்கே, எவ்வளவு தயாரிக்கலாம் என்று டெல்லி சொல்ல வேண்டும். ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. 1991 ஜூலையில் பெரும்பாலான தொழில்களுக்கு அந்த உரிமம் தேவையில்லை என்று ஆன பிறகுதான் மூச்சு வந்தது.

#9 கரிசல்மண் (சாத்தூர்)

ஸ்கூட்டரில் உங்களோடு நான் முழுவதும் உடன்படுகிறேன். ஸ்கூட்டர் பத்து ஆண்டு தாமதமானால் மனிதன் நடப்பான். சோறு பத்து நாள் தாமதமானால்? இரண்டுக்கும் ஒரே சட்டத்தை வைக்கக்கூடாது என்றுதான் சொல்கிறேன்.

ராஜாஜியின் 1952ஐச் சொன்னீர்கள், 1967ஐயும் சேர்த்துச் சொல்லுங்கள். அவருடைய சுதந்திராக் கட்சி அந்தத் தேர்தலில் தி.மு.க.வோடு கூட்டணி வைத்தது. அந்தக் கூட்டணி வென்ற தேர்தலில் தெருவெல்லாம் ஒலித்தது ரூபாய்க்கு மூன்று படி அரிசி. மூன்று படி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்றார்கள். ஒரு படியும் சென்னையிலும் கோவையிலும்தான் நடைமுறைக்கு வந்தது. அரிசித் தட்டுப்பாட்டில் வரிசையில் நின்ற மக்கள் அந்தத் தேர்தலில் எதைக் கேட்டார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

#10 பனைநிழல் (டொராண்டோ)

வணக்கம். நான் யாழ்ப்பாணம். இந்த இழை தமிழ்நாட்டுக்குள்ளேயே சுற்றுகிறது. எங்கள் அனுபவத்தையும் வைக்கிறேன், சந்தைப்பேட்டைக்கும் கரிசல்மண்ணுக்கும் ஒரே நேரத்தில் சங்கடமாக இருக்கும்.

இலங்கையில் 1970 முதல் 1977 வரை சிறிமாவோ பண்டாரநாயக்காவின் ஆட்சி. அந்நியச் செலாவணி இல்லை என்று இறக்குமதியை இறுக்கிப் பூட்டினார்கள். மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு வெளிநாட்டிலிருந்து வருவது நின்றது. எங்கள் ஆட்கள் தோட்டத்தில் இறங்கினார்கள். என் தகப்பனார் விசுவமடுவில் படித்த வாலிபர் திட்டத்தில் காணி பெற்று மிளகாய் நட்டார். அவர் வாழ்நாளில் கையில் காசு புரண்டது அந்த ஆறு, ஏழு ஆண்டுகளில்தான். வீடு கட்டினார், அக்காவுக்குத் திருமணம் செய்துவைத்தார், உழவு இயந்திரம் வாங்கினார். 1977இல் ஜே.ஆர். ஜெயவர்தனா வந்து கதவைத் திறந்தார். இறக்குமதி மிளகாய் கொட்டியது, விலை விழுந்தது. அப்பா மூன்று போகம் பொறுத்துப் பார்த்தார். பிறகு உழவு இயந்திரத்தை விற்றார்.

எனவே கட்டுப்பாடு எங்களை வாழவைத்தது என்று நான் எழுதினால் அது எங்கள் வீட்டளவில் உண்மை. ஆனால் அதே ஆண்டுகளில் சங்கக் கடை (கூட்டுறவுக் கடை) வாசலில் பாணுக்கு, அதாவது ரொட்டிக்கு, விடியற்காலையிலிருந்து நின்றவர்கள் நாங்களேதான். அரிசியை ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகத் தடை இருந்தது; வீதியில் மறித்துப் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள். மரவள்ளிக் கிழங்கைத் தின்றே பலர் நாளைக் கடத்தினார்கள். எங்களுக்கு மிளகாய்க் காசாவது இருந்தது. தேயிலைத் தோட்டங்கள் உள்ள மலையகத்தில் அதுவும் இல்லை. அதைப் பற்றி எழுத எனக்கு உரிமையில்லை, அங்குள்ளவர் யாராவது எழுத வேண்டும்.

#11 கொழுந்து (ஹற்றன்)

பனைநிழல் அண்ணா கேட்டதால் எழுதுகிறேன். இந்த இழையை முதல் நாளிலிருந்து படித்துவருகிறேன்.

தாது வருடப் பஞ்சத்தில் சேலம், திருச்சி, மதுரைப் பக்கங்களிலிருந்து தப்பி ஓடியவர்களில் ஒரு பெரும் கூட்டம் கண்டிச் சீமைக்கு, இந்த இலங்கை மலைநாட்டுக்கு, வந்தது. மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து, கோப்பி (காப்பி)த் தோட்டத்தில் சேர்ந்தார்கள். கோப்பி நோயில் அழிந்த பிறகு தேயிலை. எங்கள் குடும்பம் அப்படி வந்ததுதான் என்று வீட்டில் சொல்வார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது.

1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது, எங்களவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த ஆண்டு வாக்கும் போனது. 1973இல் உலகச் சந்தையில் கோதுமை விலையும் எண்ணெய் விலையும் ஏறின, அரசு மாவையும் சீனியையும் குறைத்தது. தோட்டத்தில் நெல் விளையாது, எங்களுக்குச் சொந்தமாக ஒரு பாத்திகூட இல்லை. ரேஷன் கூப்பனுக்குக் கிடைத்த மாவில் ரொட்டி சுட்டுத்தான் வாழ்க்கை. மாவு குறைந்ததும் அம்மாவின் தம்பி, தங்கை இருவரும் ஒரே ஆண்டில் இறந்தார்கள். வயிற்றோட்டம் என்று பதிவு செய்திருக்கிறார்கள். 1974இல் தோட்டப் பகுதிகளின் இறப்பு வீதம் நாட்டின் சராசரியை வெகுவாகத் தாண்டியது. அந்தப் பசியில்தான் பலர், வேண்டாம் என்று இருந்த இந்தியக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தார்கள். இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தப்படி கப்பலேறிப் போனார்கள். பெரியப்பா குடும்பம் கூடலூரில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் சேர்ந்தது.

சந்தையைத் திறந்துவிட்ட அரசின் கீழ் 1877இல் ஊரை விட்டு ஓடினோம். சந்தையைப் பூட்டிவைத்த அரசின் கீழ் 1974இல் மறுபடி ஓடினோம். நீங்கள் இருவரும் எந்தப் பக்கம் வென்றாலும் அந்தக் கணக்கில் எங்களையும் சேர்த்துப் பாருங்கள்.

#12 கரிசல்மண் (சாத்தூர்)

கொழுந்து, உங்கள் பதிவை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். நான் தொடங்கிய கேள்வியையே மாற்றி எழுத வேண்டியிருக்கிறது.

1878 மார்ச்சில் லிட்டன் இந்திய மொழிப் பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டுச் சட்டம் கொண்டுவந்தார். தானிய வியாபாரத்தில் தலையிட மாட்டேன் என்றவருக்குச் செய்தித்தாளில் தலையிடத் தயக்கமே இல்லை. அதை இதுவரை தனிக் கதையாகவே படித்திருந்தேன். இப்போது இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறேன். டெம்பிள் பீகாரில் செலவழித்ததற்கு லண்டனில் கணக்குக் கேட்டார்கள். சென்னையில் செத்ததற்குக் கணக்குக் கேட்க சேலத்துக் கூலிக்கு வாக்கு இல்லை. 1974இல் மாவைக் குறைத்தபோது தோட்டத் தொழிலாளிக்கு வாக்கு இல்லை. இதே இலங்கையில் 1953இல் அரிசி விலையை ஒரே அடியாக 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றியபோது நாடு ஹர்த்தாலில் நின்றது, பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவியை விட்டே போனார். வாக்குள்ளவர்கள் கேட்டார்கள். கரைநாட்டுச் சிங்களவனின் வயிறும் மலையகத் தமிழனின் வயிறும் ஒன்றுதானே.

ஆனாலும் அரசு தானியம் வாங்கி இருப்பு வைக்க வேண்டும் என்ற கருத்தை நான் விடவில்லை. 1880இல் பஞ்சக் குழு அறிக்கை கொடுத்து, பிறகு பஞ்ச விதிகள் வந்தன. எப்போது நிவாரணம் தொடங்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். 1943இல் வங்காளத்தில் அந்த விதிகளின்படி பஞ்சம் என்று அறிவிக்கவே இல்லை. விதி புத்தகத்தில் இருந்தது. சந்தைப்பேட்டை ஐயா, அங்கே குறையாக இருந்தது அதிகாரம் அல்ல, கடமை.

#13 சந்தைப்பேட்டை (மதுரை)

கொழுந்துக்கு என் வணக்கம். அந்தப் பதிவுக்குப் பிறகு வாதத்தில் வெல்வது பற்றிப் பேச மனம் வரவில்லை.

ஆனால் மனதில் உள்ளதைச் சொல்லாமல் போனால் நேர்மையாக இருக்காது. வாக்கு இருந்தால் எல்லாம் சரியாகும் என்று கரிசல்மண் ஐயா சொல்கிறார். குறுவை அம்மாவுக்கு வாக்கு இருக்கிறது. அவர் நெல் முளைத்துத்தானே போனது? பட்டினி கிடந்தால் கேட்கிற அரசு, பத்து நாள் வாசலில் நிறுத்தினால் கேட்பதில்லை. வாக்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறை. வியாபாரியை மாற்ற ஒரு நிமிடம் போதும். நான் குறைவாகக் கொடுத்தால் அடுத்த மண்டிக்குப் போகலாம். அந்த உரிமையை நான் சின்னதாக நினைக்கவில்லை.

அதே நேரத்தில் என் தொழிலைப் பற்றி ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அடுத்த மண்டி இருந்தால்தான் அந்த உரிமை. மழையில் நனைந்த நெல்லோடு நிற்பவருக்கு அடுத்த மண்டி இல்லை. என் அப்பா நனைந்த நெல்லுக்கு அடிமாட்டு விலை பேசியதைப் பார்த்திருக்கிறேன். அன்று எனக்கு வயது பன்னிரண்டு. வீட்டுக்கு வந்து நான் சாப்பிடவில்லை.

அம்மா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த வெளியூர் வியாபாரி என்ன விலை கொடுத்தார்? இதற்கு முன்பும் அவரிடம் விற்றிருக்கிறீர்களா?

#14 குறுவை (மன்னார்குடிப் பக்கம்)

குவிண்டாலுக்கு 1,750 ரூபாய் அண்ணா. முளைத்தது என்று எடையில் வேறு கழித்தார்.

இதற்கு முன்பும் விற்றிருக்கிறேன். அதற்கு முந்தைய தை மாதம், சம்பா அறுவடை. அப்போது நிலையம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது, இரண்டு நாளில் எடை போட்டார்கள், பணம் வங்கிக் கணக்கில் வந்தது. அந்தத் தை மாதத்தில் இதே மனிதர் என் வரப்புக்கே வந்து, சாக்கும் அவரே கொண்டுவந்து, அரசு விலைக்கு ஐம்பது ரூபாய்தான் குறைத்துக் கொடுத்தார். ஏற்றுக்கூலி மிச்சம் என்று நானும் கொடுத்தேன்.

நாளை மறுநாள் அறுவடை இயந்திரம் வருகிறது. நிலையத்தில் எத்தனை குவியல் கிடக்கிறது, சாக்கு வந்திருக்கிறதா என்று சாயங்காலம் போய்ப் பார்க்கப் போகிறேன். திரும்பி வந்து எழுதுகிறேன்.